வெல்டாவின் பத்தாவது கிடா

பின்னால் நாற்பத்தேழு பிள்ளைகள் கூச்சல் போட, முன்னால் உறைபனி வழுக்க, மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவளுக்குக் கை நடுங்காது. வெல்டா ஹாக்கன்பெரிக்கு இருபத்தாறு வருஷமாக அதுதான் வேலை. ஒருமுறை வளைவில் மான் குறுக்கே பாய்ந்தது. அவள் மெதுவாகத்தான் பிரேக்கை மிதித்தாள். மானும் பிழைத்தது, ஒரு பிள்ளையின் கையிலிருந்த பிஸ்கட் கூட உடையவில்லை. பென்சில்வேனியாவில் எங்கள் பள்ளத்தாக்கில் அவளைத் தெரியாத வீடு கிடையாது. பாதிப் பேர் அவள் பேருந்தில் போய்ப் படித்தவர்கள்.

அவளிடம் ஒரு லீவர் துப்பாக்கி இருந்தது. பாயின்ட் டூ டூ. விளிம்பில் அடி வாங்கி வெடிக்கிற, சுண்டுவிரலில் பாதி நீளமே உள்ள தோட்டா போடுகிற சாது. சுட்டால் தோளில் குழந்தை தட்டின மாதிரி இருக்கும். முப்பத்தி நாலு வயதில் தன் அக்கார்டியன் பெட்டியை ஒரு பால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு மாற்றாக வாங்கி வந்தாள். சர்ச்சில் வாசிக்க இப்போது யார் இருக்கிறார்கள் என்று அவள் அண்ணன் டெல்மர் கோபித்துக்கொண்டார். "நான் வாசிச்சத அவ்வளவு பேரும் பொறுத்துக்கிட்டாங்கண்ணே. இனிமேலாவது நிம்மதியா பாடட்டும்" என்றாள் வெல்டா.

விசைக்குக் கீழே இருக்கிற வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுக்க வேண்டும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே பறக்கும், குழலுக்குக் கீழே உள்ள நீளக் குழாயிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கிளிக், கிளாக். அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பேருந்து இல்லாத கோடை மாலைகளில் வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் பட்டாணி டப்பாக்களை வைத்துச் சுடுவாள். ஒவ்வொரு டப்பாவும் துள்ளும்போது தன்னையறியாமல் சிரிப்பாள். வேட்டைக்குப் போக மாட்டாள். இரும்பும் டப்பாவும் போதும் அவளுக்கு.

ஆல்டர் ஓடைக் கழகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை போட்டி. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, கிடா. நின்றுகொண்டே, எதிலும் சாயாமல், தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தாமல் சுட வேண்டும். ஒவ்வொரு வகையிலும் பத்து, ஐந்தைந்தாக. ஐந்து உருவத்துக்கு ரெண்டு நிமிஷம், ஐந்து தோட்டா. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக. பட்டால் போதாது, விழ வேண்டும். கிடாதான் கடைசி, நூறு மீட்டர் தள்ளி. அங்கே நிற்கிற கிடா, கையை விரித்தால் மறைந்துபோகிற அளவு. இங்கிருந்து பார்த்தால் வெள்ளைப் பலகைமேல் உட்கார்ந்த ஈ.

கழக வீட்டுச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. ஏதாவது ஒரு உருவத்தில் பத்துக்குப் பத்து அடித்தவர்கள் பெயர் அதில் ஏறும். கோழிக்குக் கீழே பதினேழு பெயர். கிடாவுக்குக் கீழே ஒரே பெயர், டெல்மர். அதுவும் பதினாலு வருஷத்துக்கு முன்னால். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பலகைக்கு வார்னிஷ் அடிக்கப் பேச்சு வந்தபோது வெல்டா கை தூக்கினாள். "கிடாவுக்குக் கீழ ரெண்டாவது வரியில கோடு போட்டு வைங்க. இந்த வருஷம் எழுத வேண்டி வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவும் இல்லை. நாளைக்கு ஆறரைக்குப் பேருந்து வரும் என்பது போலச் சொன்னாள்.

மே மாதம் ஏழு கிடா அடித்தாள், ஜூனிலும் அதே ஏழு, ஜூலையில் எட்டு, ஆகஸ்டில் ஒன்பது. செப்டம்பரோடு வருஷத்துப் போட்டிகள் முடிந்துவிடும்.

அந்தச் செப்டம்பர் சனிக்கிழமை காலை பனிமூட்டம் பத்து மணிக்குத்தான் விலகியது. போட்டியை நடத்துகிற டெல்மர் வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபம் பண்ணினார். யாருக்கும் காயம் வராமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று முடித்தார். ஜெபம் முடிந்ததும் மலைக்கு அந்தப்பக்கத்துக் கழகத்திலிருந்து வந்திருந்த ஹார்லன் ஃபெட்டரால்ஃப் வெல்டாவிடம் குனிந்தார். வாத்துப் பண்ணை வைத்திருக்கிற பெரிய உருவம், பெரிய வாய்.

"என்ன வெல்டா, கிடா விழணும்னு தனியா ஒரு வேண்டுதல் போட்டியா?"

"அதெல்லாம் அவர்கிட்ட கேக்குறதில்ல ஹார்லன். அவருக்கு ஆயிரம் வேலை. கிடா என் வேலை."

"விழலன்னா?"

"உன் வாத்து ஒண்ணக் கொண்டுவந்து நிறுத்து. அது ஓடாம நின்னா அதையும் பாத்துக்கலாம்."

கோழி, பன்றி, வான்கோழி எல்லாம் சுமாராகப் போயின. அதில் அவள் கவலைப்படவில்லை. கிடாவுக்கு அவள் முறை வந்தபோது மணி பன்னிரண்டாகப் போகிற நேரம். சமையல்கட்டிலிருந்து கோழியும் சோளமும் வெந்த சூப் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் கணவன் மெர்ல் பின்னால் முக்காலியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நின்றான். தோட்டா எங்கே படுகிறது என்று பார்த்துச் சொல்வதும், மீதி நேரத்தைச் சொல்வதும் அவன் பொறுப்பு. ஒரு முழங்கால் சரியில்லாதவன், ஆனால் கண் பருந்துக் கண்.

முதல் ஐந்தும் சுவரில் மாட்டிய மணி மாதிரி ஒவ்வொன்றாக ஒலித்து விழுந்தன. சுட்டபின் சத்தம் நூறு மீட்டர் கடந்து வந்து சேர அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் அவள் மூச்சு விடமாட்டாள்.

"அஞ்சு" என்றான் மெர்ல். "குரல்ல எதும் காட்டிக்கல பாரு நான்."

"காட்டிட்ட. சும்மா இரு."

அடுத்த ஐந்து. டெல்மர் கைக்கடிகாரத்தைப் பார்த்து விசிலை ஊதினார். ஆறு விழுந்தது. ஏழு விழுந்தது. எட்டும் விழுந்தது, வெல்டா லீவரைத் தள்ளி இழுத்து ஒன்பதாவதைக் குறிவைத்தாள்.

"இரு, இரு. காத்து" என்றான் மெர்ல்.

கிடாக்கள் நிற்கிற பலகைக்குப் பக்கத்தில் இருந்த புல் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் துப்பாக்கியை இறக்கினாள், தோளை உதறிக்கொண்டாள். புல் நிமிர்ந்தது. மறுபடி ஏற்றினாள். முன்குறியைக் கிடாவின் வயிற்றில் உட்காரவைத்து விசையை அழுத்தினாள். ஒன்பதும் போயிற்று.

சூப் கரண்டியோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். வெல்டா லீவரை இழுத்தாள், குறி வைத்தாள், அழுத்தினாள்.

டிக்.

வெடிக்கவில்லை. மறுபடி லீவரை இழுத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் இல்லை, காலி.

எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. லீவர் துப்பாக்கிக்காரர்கள் செய்கிற பிழை இது, வேறு யாருக்கும் வராது. நடுவில் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றும்போது, கை பழக்கத்தில் இன்னொரு தரம் லீவரைத் தள்ளிவிடும். சுடாத தோட்டா கூடோடு கூடாக வெளியே பறந்துவிடும். காற்றுக்காகக் காத்திருந்தபோது அதுதான் நடந்திருக்கிறது.

"மெர்ல், எவ்வளவு இருக்கு?"

"இருபத்தஞ்சு நொடி. என்னத்த பண்ணப்போற?"

"ஒண்ணு போடப்போறேன்."

அவள் குழலை மேலே திருப்பி, குழாயின் உள்தண்டை இழுத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துத் துளையில் போட்டாள். தண்டைத் தள்ளித் திருகினாள். குளிர்காலத்தில் கையுறையோடு பேருந்துச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுகிறவளுக்கு இது ஒரு வேலையா. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தத் திருகு முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முடிந்த மாதிரி இருந்தது. லீவர். தோளுக்கு ஏற்றினாள்.

"ஆறு" என்றான் மெர்ல். "அஞ்சு."

சுட்டாள்.

கிடா ஒரு பக்கம் ஆடியது. கொஞ்சம் யோசித்தது போல நின்றது. பிறகு பின்பக்கமாகச் சரிந்து பலகைக்கு அப்பால் மறைந்தது. இரும்பு தரையில் விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அதே நேரம் விசிலும்.

ஹார்லன் முதலில் கை தட்டினார். "எழுதுய்யா டெல்மர். பத்து."

டெல்மர் எழுதவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தங்கையிடம் வந்தார். வெல்டா அதற்குள் துப்பாக்கியைக் காலி செய்து, லீவரைத் திறந்தபடி மேசைமேல் வைத்திருந்தாள்.

"அஞ்சுக்கு அஞ்சு தோட்டா. ஆறாவதா ஒண்ணு எடுத்தா, சுடாதத காட்டணும். கதவுல எழுதியிருக்கு."

"எழுதினதே நீங்கதானே" என்றான் மெர்ல். "அஞ்சு வெடிதான் வெடிச்சா. நான் எண்ணினேன்."

"நீ புருஷன். உன் எண்ணிக்க செல்லாது."

"நானும் எண்ணினேன்" என்றார் ஹார்லன்.

"நீ காபி குடிச்சிட்டிருந்த."

"காதாலயா குடிச்சேன்?"

எல்லோரும் டெல்மரைப் பார்த்தார்கள். அந்தப் பலகையில் அவர் பெயர் மட்டுமே இருக்கிற வரி அது. யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அது நடுவில் வந்து நின்றது. டெல்மரின் கழுத்து சிவந்தது.

"வேற யாராவதா இருந்தா எழுதிட்டுப் போயிருப்பேன்" என்றார் மெல்ல. "இவ என் தங்கச்சி. நாளைக்கு ஒருத்தன், அண்ணன் தூக்கிவிட்டான்னு சொல்லிடக் கூடாது. அதுக்குத்தான்."

"அண்ணன் சொல்றது சரி" என்றாள் வெல்டா. "எனக்கும் சந்தேகத்தோட ஒரு பத்து வேணாம். தோட்டா இங்கதான் கிடக்கு. தேடலாம்."

சுடும் வரிசையில் சிவப்புக் கொடியை ஏற்றினார்கள். அத்தனை துப்பாக்கியும் திறந்த வாயோடு மேசைக்குப் போயின. பதினொரு பேர் மண்டியிட்டார்கள். காலையிலிருந்து அறுநூறு எழுநூறு கூடாவது அங்கே விழுந்திருக்கும். பித்தளை மின்னுகிற புல்லில், முனையில் ஈயம் வைத்த ஒன்றே ஒன்றைத் தேட வேண்டும்.

"எப்படித் தெரியும் உன்னுதுன்னு?" என்றார் ஹார்லன், வயிறு தரையில் பட.

"அடிப்பக்கம் நீலக் கோடு இருக்கும். விளிம்பு ஒரே கனமா இருக்கிறதப் பொறுக்கி, பேனாவால குறிச்சு வைப்பேன். மெர்ல் டிவி பாக்குற நேரத்துல."

"என்னை எழுப்பாம பண்ணுவா" என்றான் மெர்ல்.

புல்லில் இல்லை. நிற்கிற இடத்தில் போட்டிருந்த மரப்பலகைகளுக்கு இடையே விரல் அகல இடைவெளி இருந்தது. மெர்ல் அதற்குள் எட்டிப்பார்த்துவிட்டு, "இதைத் தூக்குங்கப்பா" என்றான். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

கீழே ஈர மண்ணில் தோட்டாக்கள் கிடந்தன. ஒன்றல்ல. சுடாத தோட்டாக்கள் பதினான்கு.

மெர்ல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தான். பலவும் பச்சைக்களிம்பு ஏறிக் கிடந்தன. இத்தனை வருஷமாக, ஒவ்வொருத்தரும் கை தவறி ஒன்றை வெளியே பறக்கவிட்டுவிட்டு, எண்ணிக்கை குறைந்ததற்குக் காற்றையும் வெயிலையும் மலிவுத் தோட்டாவையும் குறை சொல்லியிருக்கிறார்கள். யார் யார் எந்த மாதிரித் தோட்டா போடுவார்கள் என்பது கழகத்தில் எல்லோருக்கும் அத்துப்படி. ஹார்லன் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வேறு ரெண்டு பேரும் அப்படியே. செம்பு பூசின தோட்டா மூன்று இருந்தது. அந்த மாதிரி போடுகிறவர் அங்கே ஒரே ஒருவர்தான். மெர்ல் அந்த மூன்றையும் டெல்மரின் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தான், நற்கருணை அப்பம் வைக்கிற மாதிரி பக்தியோடு.

"மூணுதானா?" என்றாள் வெல்டா.

"பேசாம இரு" என்றார் டெல்மர். உதடு மட்டும் ஒரு பக்கம் கோணியது.

பதினான்காவதுதான் புதுசாக மின்னியது. டெல்மர் அதைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். நீலக் கோடு. விளிம்பில் துப்பாக்கியின் ஊசி அடித்த தடம் இல்லை. எல்லோருக்கும் காட்டினார். காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தாளில் பத்து என்று எழுதினார். எழுதிய பிறகும் பென்சிலை எடுக்காமல் அதன்மேல் இன்னொரு தரம் அழுத்தினார்.

"பதினாலு வருஷமா அந்தப் பலகையில எனக்குத் துணைக்கு ஆளில்ல தங்கச்சி" என்றார்.

"இனிமே என்கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருங்க" என்றாள் வெல்டா.

சூப் ஆறிக்கொண்டிருக்கிறது என்று வாசலில் இருந்தவள் கத்தினாள். ஆனால் சுட்டவர்தான் தன் உருவங்களைத் திரும்ப நிறுத்தி, ஈயம் பட்ட இடத்தில் கறுப்பு வர்ணம் அடித்துவிட்டு வர வேண்டும், அடுத்தவர் முறைக்கு. பத்து அடித்தவளுக்கும் அதுதான் வழக்கம். வெல்டா வர்ண டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். மெர்ல் காலை இழுத்துக்கொண்டு இருபதடி பின்னால் வந்தான்.

ஒன்பது கிடாக்களிலும் ஈயம் வயிற்றைச் சுற்றியே அப்பியிருந்தது. ஒவ்வொன்றையும் தூக்கி நிறுத்தி வர்ணம் அடித்தாள். பத்தாவது புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துத் திருப்பினாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. முதுகில் இல்லை. கொம்பின் வளைவு ஓரத்தில், தகட்டின் விளிம்பிலேயே, பாதி நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக் கீற்று. தோட்டாவில் பாதி கிடாவைத் தொட்டிருக்கிறது, பாதி மண்மேட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு நூல் மேலே போயிருந்தால் எதுவும் விழுந்திருக்காது.

அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, தனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு டப்பாவைக் குலுக்கி, கொம்பின்மேல் கறுப்பைத் தாராளமாக அடித்தாள்.

"கடைசி எங்க பட்டுச்சு?" மெர்ல் மூச்சு வாங்கக் கேட்டான். "என் கண்ணாடியில சரியாத் தெரியல."

வெல்டா கிடாவைப் பலகைமேல் நிறுத்தி, நேராக நிற்கிறதா என்று பார்த்தாள்.

"கிடா மேலதான் பட்டுச்சு" என்றாள். "வா, சூப் குடிக்கலாம்."