கவிழ்த்த மங்கு

செல்லாயி கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறவள். இதை வேண்டாதவர்கள் யாரும் கிளப்பிவிடவில்லை. அவளே சொல்வாள், கையில் ஆறாவது விரல் இருப்பதைக் காட்டுகிறவள் மாதிரி, கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையுமாக.

மலேசியாவில், செமோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதிமூன்று வயதில் பால்மரம் சீவுகிற உளியைக் கையில் எடுத்தாள். இருட்டோடு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் நுழைந்தால் நானூற்றுச் சொச்சம் மரம். ஒவ்வொன்றிலும் பட்டையை நூல் பிடித்த மாதிரி சீவி, பால் வடிகிற இடத்தில் மங்கு எனும் பீங்கான் கிண்ணத்தை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். சீவல் ஆழமாகப் போனால் மரத்தில் காயம். காயம் பட்டால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். முதல் இரண்டு வருடம் கைக்குப் பயம் இருந்தது. அப்புறம் கை தானாகப் பழகிக்கொண்டது. கை பழகியதும் மனசுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத மனசு சும்மா இருக்குமா? வீடு கட்ட ஆரம்பித்தது.

பாலத்தருகே நிற்கும் முதல் மரத்தில் வாசற்படி. நாற்பதாவது மரம் வருவதற்குள் தரைப்பலகை முடிந்திருக்கும். நடுவில் கூனல் மரம் ஒன்று. அதனிடம் வந்ததும் ஜன்னல். தூரத்தில் வெள்ளையும் சாம்பலுமாக நிற்கிற சுண்ணாம்புக் குன்றைப் பார்த்த பெரிய ஜன்னல். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் எதிர் லயத்துச் சமையல் புகைதான் உள்ளே வரும். இந்த ஜன்னலில் குன்றின் இடுப்பைச் சுற்றி மேகம் நிற்கும், அவள் பார்த்து முடிக்கிறவரை நகராது. அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. தண்ணீர் கேட்பார் இல்லை, பேர் சொல்லிக் கூப்பிடுவார் இல்லை.

"செல்லாயி தூங்கிகிட்டே மரம் சீவுவா, ஆனா ஒரு மரத்துல காயம் பாக்க முடியாது" என்று பக்கத்து நிரைக்காரிகள் சொல்வார்கள். திட்டுகிறார்களா பாராட்டுகிறார்களா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை.

எழுபதாம் வருடம் உடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். பிள்ளைகள் தங்கவில்லை, அதைப் பற்றிப் பேசுவதை இருவரும் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். எண்பத்து நான்கில் தோட்டம் கைமாறியது. ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். செல்லாயி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இருட்டோடு எழுந்த கண்ணுக்குத்தான் அந்தத் தோட்டத்தின் அருமை தெரியும். கூனல் மரத்தின் மங்கை மட்டும் கையோடு எடுத்து வந்தாள், ஞாபகார்த்தம் என்று நினைத்துவிடாதீர்கள், அது மற்ற மங்குகளைவிடப் பெரியது, அடுப்படியில் உப்புப் போட்டு வைக்கத் தோதாக இருந்தது.

ஈப்போவுக்கு வெளியே, புறம்போக்கு நிலத்தில் ஒரு பழைய பலகை வீடு கிடைத்தது. மின்சாரம் இல்லை. உடையப்பன் டவுனில் ஒரு கிட்டங்கிக்கு ராத்திரிக் காவலாளியாக, ஜாகா வேலைக்குப் போனான். பகலெல்லாம் தூக்கம். தகரக் கூரையின் சூடு தாங்காமல், நிழல் எங்கே விழுகிறதோ அங்கே போய்ச் சாய்வான். அவன் கண்ணை மூடித் தூங்குகிறவன், அவள் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறவள். ஜாடிக்கேற்ற மூடி என்று தெருவே சிரித்தது.

அந்த வீட்டில் குடியேறிய அன்றே செல்லாயி பின்சுவரைத்தான் முதலில் பார்த்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாழைக்கன்றுகள், அதற்கப்பால் அதே சுண்ணாம்புக் குன்று. ஆனால் சுவரில் ஜன்னல் இல்லை. மூலைக்கு மூலை மூடிய பலகை. தச்சரிடம் சொன்னாள். அவர் இரண்டு வருடமாக "நாளைக்கு வாரேன்" என்றார். கைரம்பத்தைத் தானே வைத்துப் பார்த்தாள். மரம் பழசு, இரும்பு மாதிரி. ரம்பத்தின் பல் மழுங்கியதுதான் மிச்சம்.

பிழைப்புக்கு அவள் போனது ஒரு நாற்காலித் தொழிற்சாலைக்கு. ரப்பர் மரத்தில்தான் நாற்காலி. அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பப் பெட்டி அடிப்பது வெளிமுற்றத்தில். அங்கே ரம்பத்துக்காக இழுத்த வயரை லாரிகள் வாரத்துக்கு ஒரு தடவை நசுக்கின. எரிச்சல் தாங்காமல் முதலாளி தவுக்கே எண்பத்தேழில் சிங்கப்பூரிலிருந்து ஒரு சக்கர ரம்பம் வாங்கி வந்தார். வயரே கிடையாது. பிடியில் ஒரு பேட்டரியைச் செருகினால் போதும். பார்க்கக் குட்டியாக இருக்கும், ஒரு அங்குலப் பலகையை வெண்ணெய் மாதிரி அறுக்கும்.

அதற்குப் பொறுப்பு, மேற்பார்வையாளர் பஞ்சலிங்கம். யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பிள்ளை, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம் படிக்காமல் தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்க மாட்டார் என்று பேர். ரம்பத்தோடு வந்த சிறு புத்தகத்தை மூன்று தடவை படித்த பிறகுதான் பெட்டியைப் பிரித்தார். முதலில் ஒருவனிடம் கொடுத்தார். அவன் வேகமாக வேலை நடக்கட்டும் என்று, சக்கரத்தை மூடுகிற காப்புத் தகட்டை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினான். அன்றே பறித்தார். அடுத்தவன் சின்னதுதானே என்று ஒரு கையால் பிடித்தான். அவனிடமும் பறித்தார். அப்புறம், பலகையில் செல்லாயி கோடு போடுகிற அழகைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கையாலையும் பிடியும். கண்ணாடியைப் போடும். வாளுக்கு நேர நிக்காதேயும், பக்கவாட்டிலை நில்லும். பலகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குது எண்டு பாக்காமல் வைக்கக் கூடாது. சிக்கினால் பற்றறியைக் கழட்டிப்போட்டுத்தான் தொட வேணும். விளங்குதோ?"

"வெளங்குது ஐயா" என்றாள். பாதி விளங்கியது. மீதிப் பாதியில் அவள் ஜன்னல் அறுத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லாத வீட்டில் வேலை செய்கிற ரம்பம் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கிடைத்தால் போதும், சாகும்வரை வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

பத்தாவது நாள், காப்புத் தகட்டுக்குள் ஒரு மரச்சிம்பு சிக்கியது. தோட்டத்தில் அவள் அறிந்த மின்சாரம் சாயங்காலம் எஞ்சின் போட்டால் வரும், பத்து மணிக்கு நிறுத்தினால் போகும். கம்பி வழியாக வரும், கம்பி வழியாகவே போகும். கம்பி இல்லாத பொருள் அவள் கணக்கில் செத்த பொருள். மனசு வேறு அந்த நேரம், ஜன்னலுக்குத் திரை போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வலது கை பிடியை விடவில்லை. இடது கட்டைவிரலால் சிம்பைத் தள்ளினாள். தள்ளுகிற வேகத்தில் வலது கை விசையையும் சேர்த்து அழுத்திவிட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். அவளுக்கு விரலுக்கு வந்தது நகத்தோடு போயிற்று.

பஞ்சலிங்கம் ஓடிவந்தார். விரல் முழுசாக இருப்பதைப் பார்த்த பிறகே அவருக்குக் கோபம் வந்தது.

"வயரே இல்லையே ஐயா. செத்துக் கெடக்குன்னு நெனச்சேன்."

"வயர் இல்லாததாலைதான் பிள்ளை, உது எந்நேரமும் முழிச்சிருக்கு. நீர்தான் நித்திரை!"

ரம்பத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "கனவு காணுற ஆளிட்டை இதைக் குடுத்தது என்ரை பிழை" என்றார். கட்டைவிரலைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

ஒரு வாரம் ஆணி அடித்தாள். கனவை விட்டுவிடலாமா என்று யோசித்தாள். முடியவில்லை, அவளிடம் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். விடாமலும் முடியாது, விரல் போய்விடும். ஒரு காலை அடுப்படியில் உப்பு எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். மழை நாளில் மரத்தில் மங்கைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்த்துவிட்டால் அன்றைக்கு மரத்துக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. நிமிர்ந்திருந்தால் வேலை. பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தெரியும்.

உப்பைக் கொட்டிவிட்டு மங்கைக் கழுவி எடுத்துப் போனாள்.

"ஐயா, பேட்டரியக் கழட்டி இதுக்குள்ள வெச்சுக் கவுத்துருவேன். மங்கு கவுந்திருந்தாத்தான் சக்கரத்தத் தொடுவேன், கவுந்திருந்தாத்தான் கனவும் காணுவேன். நிமிந்திருந்தா நான் முழிச்சிருக்கேன்னு அர்த்தம்."

பஞ்சலிங்கம் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். மங்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சாவியை எடுத்தார். ஒரு மாதம் பக்கத்திலேயே நின்று கவனித்தார். இரண்டாம் மாதம் பெட்டி அடிக்கிற எல்லோரும் ரம்பத்தைத் தொடுமுன் "மங்கு கவுந்திருக்கா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் மாதம், அவள் கேட்டபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ரம்பத்தையும் இரண்டு பேட்டரியையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். "சுவரிலை நடுவிலை இறக்கி அறுக்கிறது எல்லாத்திலையும் கஷ்டமான வெட்டு. மெல்ல, மெல்ல" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலமே கோடு போட்டு, கோட்டில் இருந்த ஆணிகளைப் பிடுங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்து வந்த உடையப்பன் கோட்டை ஏற இறங்கப் பார்த்தான்.

"இவ்வளவு பெருசா? யான வந்து எட்டிப் பாக்கப் போவுதா?"

"நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க. வேல நடக்கையில குறுக்க வராதீங்க."

சிரித்துக்கொண்டே போனான். செல்லாயி கண்ணாடியைப் போட்டாள். சக்கரம் பலகையின் கனத்துக்கு மேல் கொஞ்சமே இறங்கும்படி ஆழத்தைத் திருகி வைத்தாள். பேட்டரியைச் செருகினாள். மங்கு தரையில் நிமிர்ந்து நின்றது. இரண்டு கையாலும் பிடித்து ரம்பத்தைக் கோட்டின்மேல் வைத்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. என்ன பார்க்க? வாழைக்கன்று, குன்று. இருபது வருடத்துக்கு மேல் கனவில் பார்த்துக்கொண்டிருக்கிற குன்றுதானே. இதோ, வெள்ளையும் சாம்பலுமாக, இடுப்பில் மேகத்தோடு…

குன்று தெரிந்தது. சுவர் இன்னும் மூடித்தான் இருந்தது, ஆனால் குன்று தெரிந்தது.

செல்லாயியின் கையில் உயிருள்ள ரம்பம், கண்ணில் கனவு. மெல்ல விசையிலிருந்து விரலை எடுத்தாள். பேட்டரியைக் கழற்றினாள். தரையில் வைத்து மங்கைக் கவிழ்த்தாள். வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

பின்சுவரில், காலை வெயில் படாத நிழலில், உடையப்பன் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். டீக்கடை அன்று மூடியிருந்ததாம். உள்ளே வந்தால் திட்டுவாள் என்று இப்படியே பின்பக்கம் வந்துவிட்டானாம். அவன் முதுகு பலகையோடு ஒட்டியிருந்தது. உள்ளே அவள் ரம்பத்தை வைத்த இடம் சரியாக அவன் தோளுக்குக் கீழே.

செல்லாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தைவிடப் பெரிய ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எத்தனை வருடமாகக் கட்டிய வீடு! வாசற்படி, தரை, திரை, மேகம், எல்லாவற்றுக்கும் அதில் இடம் வைத்தாள். கட்டிக்கொண்ட மனுஷனுக்கு ஒரு நாளும் இடம் வைக்கவில்லை. அதனால்தானே சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அவன் சட்டையில் ஜாகா வேலையின் அழுக்கும் பீடி வாசமும் அடித்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

அவன் கண் விழித்தான். "என்ன புள்ள? கைய வெட்டிக்கிட்டியா? காட்டு, காட்டு!" என்று பதறி அவள் இரண்டு கையையும் பிடித்து விரல்களை எண்ணினான்.

"ஒண்ணுமில்ல. எந்திரிச்சு வாங்க. நீங்க சாஞ்சிருக்கிற எடத்துலதான் ஜன்னல் வரப் போவுது."

"ஜன்னலுக்கு முன்னால என்னைய அறுக்கப் பாத்தியா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அவனை உள்ளே கூட்டிவந்து, தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்காரவைத்தாள். அப்புறம் மங்கை நிமிர்த்தினாள். நான்கு கோட்டையும் ஒவ்வொன்றாக இறக்கி அறுத்தாள். மூலைகளில் சக்கரம் எட்டாத இடத்தைக் கைரம்பத்தால் முடித்தாள். ஒரு கனவும் வரவில்லை. பலகைகள் வெளியே சாய்ந்ததும் வெளிச்சம் உடையப்பனின் மடிவரை வந்து விழுந்தது. குன்று நின்றது. மேகம் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டே இருந்தது.

பேட்டரியை எடுத்துவிட்டு, மங்கைப் புது ஜன்னலின் ஓரத்தில் கவிழ்த்தாள். உடையப்பன் அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான்.

செல்லாயி இன்னும் கனவு காண்கிறாள். மங்கு கவிழ்ந்ததும் மனசு அந்த வீட்டுக்குப் போய்விடும். அதே வாசற்படி, அதே ஜன்னல். இப்போது அங்கே ஒருவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான். அவன் எந்தப் பக்கம் படுத்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் அவள் அடுத்த பலகையை எடுக்கிறாள்.