ஒரு சொத்தைப் பல்லைத் தேடி

என் வீட்டுக்காரர் குடித்ததே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அவருக்கு இருந்தது ஈரலைக் கெடுக்கிற ஹெபடைடிஸ் பி கிருமி. பல வருஷமாக வாடகை கொடுக்காமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், "ஆமா, குடம் குடமா குடிச்சாரு, நீதான் ஊத்திக் குடுத்தே" என்று ஒருத்தியிடம் சொன்னேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அவர் இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். எனக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் குவாலிட்டி வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சி.ஆர்.பி. கூடுதலாக இருக்கிறது என்றார்.

"உடம்புல எங்க அழற்சி இருந்தாலும் இது ஏறும்மா. கட்டியால ஏறியிருந்தா, ஆபரேஷனுக்கு அப்புறம் நோய் திரும்பி வர்ற வாய்ப்பு கொஞ்சம் அதிகம்."

"வேற எதுனாலயாவது ஏறுமா மேடம்?"

"ஏறுமே. ஆறாத புண்ணு, நெஞ்சுச் சளி, சொத்தைப் பல்லுகூட ஏத்தும்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கம்பெனி லைனில் ஒரு பீஸ் அளவு தப்பினால் நாங்கள் உடனே மெஷினைக் குறை சொல்ல மாட்டோம். டூல் தேய்ந்திருக்கிறதா, அளக்கிற கருவியில் தூசி இருக்கிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் அப்படிச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவரை ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்து, பாத வெடிப்பிலிருந்து தொண்டை வரைக்கும் பார்த்தேன்.

"நான் இன்னா உன் லைன்ல வர்ற பீஸா?" என்றார்.

கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் கறுப்பாய் ஒரு குழி இருந்தது.

"வலிக்கலையா?"

"ரொம்ப நாளா வலிச்சிக்கினுதான் கீது. ஈரல்லயே கட்டின்னு சொல்லிட்டாங்கோ, இதுல பல்லு வலியைப் போயி இன்னாத்த சொல்றது?"

சந்தோஷத்தில் அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டேன். வலிக்கிற பக்கம் அதுதான் என்பது மறந்தே போச்சு.

ரத்தம் சரியாக உறைகிறதா என்று சோதித்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுபடியும் எடுத்த டெஸ்ட்டில் எண் நன்றாக இறங்கியிருந்தது. முழுசாக இறங்கவில்லை, ஆனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷனுக்குச் சொத்தைப் பல் இருந்ததற்காக வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை சாத்தியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தேறி வந்து மறுபடியும் பஸ் எடுத்தார். அந்தப் பல்லைப் பற்றி ஸ்டாப்பில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்த மாதம் செக்கப்புக்குப் போனபோது அந்த எண் திரும்ப ஏறியிருந்தது. இது ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

வீடு வந்து சேர்ந்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்தவர், நான் சொல்லாமலே ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தார்.

"எதுனா ஒண்ணு கீதா பாரு" என்று வாயைத் திறந்தார்.

போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். பிடுங்கின இடம் நன்றாக ஆறியிருந்தது. மேல்வரிசை பார்த்தேன், கீழ்வரிசை பார்த்தேன். ஒவ்வொரு பல்லாக விரலால் தட்டி, வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஈறில்கூட ஒரு வீக்கம் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. போனை அணைத்தேன்.

அவர் வாயை மூடவில்லை. விரலை உள்ளே விட்டு, இன்னும் பின்னால் பார் என்று காட்டினார்.