நஞ்சு தின்ன வளர்த்த சாணிப் போத்தல்

பஸ் அலுவிகாரையைத் தாண்டும்போது விஞ்ஞானச் சஞ்சிகையில் அதை வாசித்தேன். போருக்கென்று சேர்த்து வைத்த கடுகு வாயுவை வெளிநாட்டில் வெந்நீரில் கலந்து வீரியத்தை உடைத்து, மிச்சத்தைப் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போடுகிறார்களாம். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஒழுகும் பழைய பூச்சிமருந்துத் தகரங்கள் உடனே நினைவுக்கு வந்தன. இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். நச்சு வாயுப் படத்தோடு ஒரு தமிழ்ப் பிள்ளை இறங்குவது நல்லதல்ல என்று சஞ்சிகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மறுபடி ஏறியும் யோசனை நிற்கவில்லை. பலாபத்வலவில் இறங்க மறந்து, ஒரு மைல் திரும்பி நடந்தேன்.

அவசரம் இருந்தது. தகரங்களைப் புதைக்க, ஸ்டோருக்குப் பொறுப்பான ஸ்டோர் ஐயா குறித்திருந்த இடம், லயத்துத் தொழிலாளர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நேர் மேலே.

"பாக்டீரியாவ விட்டுத் தின்ன வைக்கலாங்கய்யா," என்றேன்.

"தின்னுட்டு செத்துப் போச்சுன்னா?"

"சாகாதுங்க. பழகிரும்."

"இருபது வருசமா இந்த ஸ்டோர்ல இருக்கேன், எனக்கே பழகல. சரி, அடுத்த சனிக்கிழம வரைக்கும் குழி வெட்டல. அதுக்குள்ள எதையாச்சும் காட்டு."

ஜாம் போத்தலில் சாணியும் மண்ணும் கரைத்து வாசற்படியில் வெயிலுக்கு வைத்தேன். மருந்து சேர்க்குமுன் கிருமிகள் பெருகட்டும் என்று தினமும் மூடி திறந்து காற்றுக் காட்டினேன். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தால், போத்தல் கழுவிக் கவிழ்த்திருந்தது. வாசல் ஈரமாக, மஞ்சளாகக் கிடந்தது.

"வெள்ளிக்கிழம வாசல் தெளிக்காம இருக்க முடியுமா?" என்றார் அம்மா. "நீயே சாணி கரைச்சு வச்சிருந்த. புள்ளைக்குப் பொறுப்பு வந்திருச்சுன்னு நெனச்சேன்."

"அதுல கோடிக்கணக்கில கிருமி இருந்துச்சும்மா."

"அந்த நாத்தத்துக்கு இல்லாமலா இருக்கும்? அதான் ரெண்டு கை மஞ்சள் கூடப் போட்டேன்."

ஸ்டோர் ஐயாவிடம் உள்ளதைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்ப நாளைக்குக் குழி வெட்டிருவோம்."

"நீங்க குடிக்கிற பிளேன்டீக்கு எங்கேருந்து தண்ணி எடுக்கிறாங்கய்யா?"

கையிலிருந்த கிளாசைப் பார்த்தார். மெதுவாக மேசையில் வைத்தார். தகரங்களைப் பெரிய பீப்பாய்க்குள் இறக்கி மூடச் சொன்னார். குழிப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு ஒரு மாதம் தவணை.

இந்த முறை சாணி வேண்டாம். மருந்து ஒழுகிய மூலையில் ஒரு புல் முளைத்திருக்கிறது. அதன் வேரடி மண்ணில் தாக்குப்பிடித்த கிருமிகள் இருக்கவேண்டும். அந்த மண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டு, இரண்டு வாரம் கழித்து அதைக் கரைத்த நீரில் நுளம்புக் குடம்பிகளை, அதாவது கொசுப் புழுக்களை, விடப்போகிறேன். அவை பிழைத்தால் மருந்து செத்தது என்று அர்த்தம். குடம்பி பிடிக்க ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள சாக்கடைக் கானுக்குப் போகவேண்டும், அந்தப் பக்கம் கண்டாலே விரட்டும் நர்ஸ் அம்மா பூசைக்குப் போன பிறகு.