நெல் மில் களத்தில் சிரித்தவள்

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூடியோவில் சவரிராஜுக்கு முப்பத்திரண்டு வருடமாக ஒரே வேலைதான். செத்துப்போனவர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பது. அந்தக் காலத்தில் தனியாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? கல்யாணத்திலோ கடைத் திறப்பிலோ கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தால் உண்டு. பிள்ளைகள் அந்தப் படத்தைக் கொண்டுவந்து, "மூணாவதா நிக்கிறவருதான் எங்கப்பா, அவர மட்டும் எடுத்துக் குடுங்க சார்" என்பார்கள். சவரிராஜ் முகத்தை வெட்டியெடுத்து, கோட்டு மாட்டி, பின்னால் நீலத் திரை போட்டு, மாலை போடத் தோதாகச் செய்து கொடுப்பார்.

மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. அவருக்குப் பிடித்ததோ அந்த மிச்சம்தான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தார். அரியலூர் ரயிலடியில் வரிசை கட்டிய மாட்டு வண்டிகள், பெரம்பலூர் சினிமாக் கொட்டகையின் கீற்று வாசல், ஒரு வாடகை சைக்கிள் கடை, முந்திரிக் காட்டைத் திருத்திக் குடியேறிய ஒரு குடும்பம் தன் முதல் வீட்டுக்கு முன்னால் விறைப்பாக. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் ஒன்றைத் திறந்து பெரிதாக்குவார். பெரிதாக்கப் பெரிதாக்கத் தெரு அகலமாகும். மண் புள்ளி புள்ளியாகக் கலங்கும். அவர் பாட்டுக்கு உள்ளே நடந்து போவார், சைக்கிள் கடையைத் தாண்டி, துணிக்கடையின் மரப்படியைத் தாண்டி, வெயில் அடித்தும் கால் சுடாத தெருவில். டீ வந்திருக்கிறது என்று யாராவது தோளைத் தொட்டால் அரை நிமிடத்துக்கு எந்த ஊரில் இருக்கிறோம் என்று பிடிபடாது.

இந்தப் பழக்கம் அம்மாவைத் தேடப் போய் வந்தது. அம்மா செசிலி, பழூர்ப் பக்கம் ஒரு நெல் மில்லில் களத்து வேலை பார்த்தவள். சவரிராஜுக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு படம்கூடக் கிடையாது. ஊரில் உள்ள அம்மாக்களையெல்லாம் சட்டத்துக்குள் உட்கார வைத்த மனிதனுக்குத் தன் அம்மா முகம் தெரியாது என்றால் எப்படி இருக்கும்? வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த மில்லின் திறப்பு விழாப் படம் சட்டம் மாற்ற வந்தது. களத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா மரிய புஷ்பத்தை வரதராஜன்பேட்டையிலிருந்து கூட்டிவந்து காட்டினார். அக்கா நெடுநேரம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் மேல் விரலை வைத்தாள்.

அன்று அவர் வேலை பார்த்ததுபோல் வேறு எவருக்கும் பார்த்ததில்லை. நெற்றியில் இருந்த கறுப்புப் புள்ளியைப் பழைய படத்தின் பூசணக் கறை என்று துடைத்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி வரைந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அந்தப் படத்தைக் கல்லறையில் சாய்த்து வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பூசையும் ஒப்புக்கொடுத்து வந்தார்கள்.

போன கார்த்திகையில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இளையபெருமாள் என்ற விவசாயி வந்தார். அவர் கையில் அதே மில் படத்தின் இன்னொரு பிரதி.

"எங்கம்மா இதுல நிக்கிறாங்க சார். மொகத்த மட்டும் பெருசாக்கிக் குடுங்க."

"எது?"

இளையபெருமாளின் விரல் சிரித்தவளின் மேல் வந்து நின்றது. இந்தப் பிரதியில் கறையே இல்லை. நெற்றியில் இருந்தது வட்டமான பொட்டு.

சவரிராஜ் அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்துக் கேட்டார், "எப்ப எறந்தாங்க?"

"ஏன் சார் அபசகுனமா! தை பொறந்தா எண்பத்தஞ்சு. கேக்கு வெட்டப்போறோம். காலைலகூட நாலாவது இட்லி வைக்கலன்னு மருமவகிட்ட சண்ட புடிச்சுச்சு."

அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். இளையபெருமாள் வந்துபோனதை அவர் சொன்னதுமே அக்காவுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கும் மொகம் ஞாபகம் இல்லடா. அம்மா போனப்ப எனக்கு ஆறு வயசு. நீ முப்பது வயசு ஆம்பள, கண்ணு கலங்கிக் கேட்டுகிட்டு நிக்கிற. இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்? சிரிச்ச மொகமா ஒண்ணக் காட்டிட்டேன்." அழுதுகொண்டிருந்தவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். "உசுரோட இருக்குறவளுக்கா முப்பது வருசம் பூசை வச்சோம்? அதான் எண்பத்தஞ்சு வரைக்கும் கெட்டியா இருக்கா!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபது வயதில் இரண்டாம் தடவை அம்மா செத்துப்போனது மாதிரி இருந்தது.

பெரிதாக்கிய படத்தை அவரே இளையபெருமாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது ஒரு சாக்குதான். களத்தில் கூட நின்றவளுக்கு செசிலி எந்த முகம் என்று தெரியாமலா போகும்? இளையபெருமாளின் அம்மா பொன்னம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாக அவர் கும்பிட்ட சிரிப்பு, பல் இல்லாமல். தன் படத்தை வாங்கினாளே தவிர அதைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"நீ செசிலி மவனா?"

அவர் தலையை ஆட்டினார். மில் படத்தை நீட்டினார். "இதுல எங்கம்மா யாருன்னு காட்டுங்கம்மா."

"அவ எங்க நின்னா? போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சிடும்னு பாய்லர் கொட்டாய்க்குள்ள போயி ஒளிஞ்சிகிட்டா. நான் இழுத்த இழுப்புக்கும் வரல. அத நெனச்சுத்தான் இதுல சிரிக்கிறேன்." கிழவி படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நின்ன நான் கெடக்குறேன். ஒளிஞ்சவ ரெண்டே வருசத்துல போயிட்டா."

சவரிராஜ் படத்தைச் சுருட்டினார். இனித் தேட இடமில்லை. கிழவி அவரைக் கிட்டே இழுத்து, உள்ளங்கையால் அவர் மீசையை மறைத்துப் பார்த்தாள்.

"அதே மொகம்டா. இத எடுத்துட்டா அவளேதான்" என்று சொல்லி நெட்டி முறித்தாள்.

மத்தியானம் கடைக்கு வந்தவர், ஆதாருக்காக எடுத்துவைத்திருந்த தன் போட்டோவைத் திறந்தார். முதலில் மீசையைத் துடைத்தார். முப்பத்திரண்டு வருடக் கை, தடம் தெரியாமல் துடைத்தது. நரையைக் கறுப்பாக்கினார். சுருக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தார், கண்ணோரம், நெற்றி, கன்னம். வயது இறங்கிக்கொண்டே போய் இருபத்தைந்தில் நின்றது. சேலை வரைய எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. போட்டோவுக்குப் பயந்த ஒரு சின்னப் பெண், மிரண்ட கண்ணோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதம்மா, ஒண்ணும் ஆவாது" என்றார்.