கருவாட்டின் மேல் போட்ட பழி

நான் விமானப் பணிப்பெண். வளர்ந்தது போர்ட் பிளேர் டாலிகஞ்சில். அன்று அங்கிருந்து சென்னைக்குக் கிளம்பிய சிறிது நேரத்தில், கேபினில் ஈரக் காலுறை போல ஒரு நாற்றம்.

"அக்கா, ஏசி காத்துலதான் வருது. எனக்குத் தலை சுத்துது, கேப்டன்கிட்ட சொல்லிரலாம்" என்றாள் உடன் வேலை பார்த்த மீனா.

எங்கள் ஊர் விமானத்தில் நாற்றமென்றாலே கருவாடு என்று சிரிப்பார்கள். "கருவாடாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் பைகளைத் தேடினேன். மகளுக்காக ஒரு பெரியவர் கருவாடு வைத்திருந்தார். எல்லோர் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டேன்.

"மாஃப் கரோ மேடம், மன்னிச்சிரும்மா, நாலு கவர் போட்டுத்தாம்மா கட்டினேன்" என்றவர், பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை நிமிரவே இல்லை.

கேப்டனிடம் நான் சொல்லவில்லை. தரையிறங்கும்போது மீனாவுக்குக் கை நடுங்கியது. இன்ஜின் எண்ணெய்ப் புகை ஏசி காற்றில் கலந்தால் இப்படி நாறும், உடம்பையும் கெடுக்கும் என்றார்கள்; அன்று வந்தது அதுதானா என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவள் மறுபடி பறக்கவும் இல்லை.

போன மாதம் பார்க்கப் போனேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "விடுங்கக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னையே தேற்றினாள்.

எனக்குத் தெரியும். கருவாட்டு வாசத்தில் வளர்ந்தவள் நான். இது கருவாடு இல்லை என்று சொன்னால், ஊர்ப்பாசம் என்று சிரிப்பார்களே என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். அதை மீனாவிடம் இன்னும் சொல்லவில்லை.