இருபத்திரண்டு சிவப்புக் கோடுகள்

எங்கள் வாசகர் வட்டத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். புதுவருட இதழுக்கு, கடற்கரையோரம் குடியிருந்து தையல் வேலை செய்த ரோசலின் ஒரு விஞ்ஞானக் கதை தந்தார். விண்கலத்தின் தலைவி ஒரு பெண். இருபத்திரண்டு இடங்களில் சிவப்புக் கோடு போட்டேன்.

“தலைவிய ஆம்பிளையா மாத்தி எழுதுங்க புள்ள. ஆர் நம்புவாங்க?”

“ஏன் ஐயா, பொம்புள ஓட்டினா விண்கலம் விழுந்திருமா?” சிரித்துக்கொண்டே, இருந்த ஒரே பிரதியையும் திருத்தி எழுதக் கொண்டுபோனார்.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் சுனாமி அவர் வீட்டைக் கதையோடு அள்ளிப்போனது. அன்று அவர் தோணி வலித்து ஒன்பது பேரை வாவிக்கு அக்கரை சேர்த்தாராம். அகதி முகாமில் அவரைக் கண்டபோது வெட்கத்துடன் கேட்டேன்:

“முதல் எழுதின மாதிரியே திரும்ப எழுதித் தாங்க புள்ள.”

“நீங்க சொன்னபடி ஆம்பிளையா மாத்தி முடிச்சிட்டன் ஐயா. இனி அவள் எனக்கிட்ட வரமாட்டாள்.”

சில வருடங்களுக்குப் பின் நாட்டில் யுத்தம் முடிந்தும் ரோசலின் எழுதவில்லை. கோடுகளின் எண்ணிக்கை எனக்கு மறக்கவில்லை. அந்தத் தலைவியின் பெயர்தான் எவ்வளவு யோசித்தும் வருவதில்லை.