பன்வில வழியாக அயர்லாந்து

சனிக்கிழமை, காலை 7.10. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமாக நின்ற பன்வில பஸ்ஸில் ஏறினேன். கையில் எங்கள் வீட்டிலேயே பெரிய சூட்கேஸ். நடத்துநர் அதைப் பார்த்த பார்வையிலேயே பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழிக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. கிழித்தார். எனக்கு நூற்று முப்பது, பெட்டிக்கு நூற்று முப்பது.

பன்வில என்ன, கண்டியிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர் இருக்கும். அதற்கு ஏனம்மா இவ்வளவு பெரிய பெட்டி என்று நீங்கள் கேட்கலாம். நான் பன்விலைக்குப் போகவில்லை, அயர்லாந்துக்குப் போகிறேன். அதாவது, போனால் எப்படி இருக்கும் என்று பார்க்கப் போகிறேன்.

கண்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதை வெளியே விடுவதற்கு முன் எங்கே உடையும் என்று தட்டித் தட்டிப் பார்க்கிறவள். நாடு நொடித்துப்போன பிறகு எங்கள் அலுவலகத்தில் கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஒருவர் கனடா, இன்னொருவர் டுபாய். இப்போது டப்ளினிலிருந்து எனக்கும் அழைப்பு வந்திருந்தது. நான் ஏங்கிக்கொண்டிருந்த அதே வேலை. ஆனால் முதல் ஒரு வருடம் நான் மட்டும் தனியே. அதன் பிறகுதான் கணவர் குகனையும் ஐந்து வயது மீனுவையும் கூப்பிடலாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போவதா வேண்டாமா என்று பேசிப் பேசி எங்களுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசியில் எனக்குத் தெரிந்த தொழிலையே கையில் எடுத்தேன். வீட்டைவிட்டு விலகியிருந்து பார்க்க மூன்று நாள் ஒத்திகை. ஒரு நாளைக்கு ஒரே வீடியோ அழைப்பு, காலை பதினொன்றரைக்கு. அங்கே நான் வேலைக்குப் புறப்படுகிற நேரம் அது. என்ன நடந்தாலும் நடுவில் திரும்பி வரக்கூடாது.

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் சமாளிப்பன்,” என்றார் குகன். சாவகச்சேரிக்காரர், அரசாங்க அலுவலகத்தில் வேலை. சட்டம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், அதை நம்மைவிட ஒழுங்காகக் காப்பாற்றுவார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் பெண்மணி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடவளைக்குப் போகிறவர். அவருடைய முழங்காலைப் பெட்டி இடித்தது.

“எங்க மகள் போற, இவ்வளவு பெரிய பெட்டியோட? கட்டுநாயக்கா எயார்போட்டுக்கா?”

“பன்விலைக்குங்க. வெளிநாட்டுக்குப் போகப் பழகிக்கிறேன்.”

விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அல்லாஹ்! எங்கட மகன் கட்டாருக்குப் போகக்குள்ள ஒருத்தரும் பழக்கல்ல. எந்த நாளும் கோல் எடுப்பான். சாப்பிட்டேன் உம்மா எண்டுவான். என்ன சாப்பிட்டண்டு கேட்டாத்தான் லைன் கட்டாகும்.”

இருவரும் சிரித்தோம். மடவளையில் இறங்கும்போது என் தலையைத் தடவிவிட்டு, “நல்லா நடக்கட்டும்” என்றார். முன்பின் தெரியாத ஒருவர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒத்திகைக்கே இந்தக் கதி!

வத்தேகமையைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜன்னல் வழியே குளிர் காற்று அடித்தது. பன்வில நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் தேயிலைதான். 8.50க்கு இறங்கி, ஐந்நூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்து அம்மா இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

ஒத்திகைக்கு ஏன் அம்மா வீடு என்றால், சிக்னல் நன்றாக இருக்கும் என்றுதான் குகனிடம் சொல்லியிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். நான்கு வருடம் கழித்துத்தான் திரும்பினார். அந்த நான்கு வருடத்தைப் பற்றி நான் அவரிடம் ஒன்றுமே கேட்டதில்லை.

“என்னடி, வீட்டையே தூக்கிக்கிட்டு வந்துட்டியா?” என்றார் அம்மா, போஞ்சிக் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டே. ஒத்திகை என்றதும் நெற்றியில் கைவைத்தார். “படிச்ச புள்ளைங்களுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம் தோணும். வா, ரொட்டி ஆறிடும்.”

பதினொன்றரை அழைப்பு அருமையாகப் போனது. தான் வரைந்த யானையை மீனு காட்டினாள். குகன் பருப்புக் கறி வைத்திருந்தார். அன்று பின்னேரம் முழுவதும் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், மலையைப் பார்த்தேன், நன்றாகத் தூங்கினேன். போகலாம் என்றே மனம் சாய்ந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஞாயிறு, 11.30. குகனின் முகம் மட்டும் தெரிந்தது.

“மீனு நித்திரை.”

“இந்த நேரத்திலயா?”

“ஓம், விளையாடிக் களைச்சுப்போனா.”

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: “அம்மாவா? தாங்கோ, தாங்கோ!” போர்வையைச் சுற்றிக்கொண்டு மீனு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. நான் கேட்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

“அம்மா, எனக்குக் காய்ச்சல் இல்ல. ஆஸ்பத்திரிக்கும் போகல்ல. அப்பா சொல்லச் சொன்னவர்.”

குகனால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சனிக்கிழமை பின்னேரமே காய்ச்சல். டெங்குவோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். இரத்தம் சோதித்து, டெங்கு இல்லை என்ற பிறகுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

“ஏங்க என்கிட்டச் சொல்லல?”

“அயர்லாந்தில இருந்தா நீர் என்ன செய்வீர்? வர ஏலாது. சும்மா இருந்து அழுவீர். அதுதான் சொல்லேல்லை.”

அந்த மனுஷன் பொய் சொல்லியிருந்தார், ஆனால் அன்பில் சொன்ன பொய். அதுதான் என்னைச் சுட்டது. குழந்தை சமாளிப்பாளா, குகன் சமைப்பாரா என்றெல்லாம் சோதிக்க வந்தவள் நான். எனக்கு இனி நல்ல செய்தி மட்டும்தான் வரும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று என் இடது கையைப் பிடித்தார். முழங்கையில் சற்று வளைந்த கை அது. ஏழு வயதில் இஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, படிக்கட்டில் விழுந்து முறிந்தது.

“இது எனக்கு எப்பத் தெரியும்னு தெரியுமாடி? ஊருக்கு வந்து உனக்குச் சட்டை மாட்டிவிட்டப்பத்தான். அதுவரைக்கும் போன்ல நீயும் இப்படித்தான், நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மான்னு மனப்பாடம் பண்ணுன மாதிரி.”

“அப்பா சொல்லச் சொன்னாரும்மா.”

“தெரியும். நானும் குவைத்துல அந்த வீட்டுல பட்டதையெல்லாம் சொன்னேனா என்ன?”

“போனது தப்புன்னு நினைக்கிறீங்களாம்மா?”

“போகாட்டி உன் படிப்பு ஏது, கம்ப்யூட்டர் ஏது? தப்பில்ல. ஆனா அந்தச் சட்டையப் போட்டுவிட்ட நாள இன்னைக்கும் என்னால நெனைக்க முடியல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னும் ஏன் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிற? கிளம்பு. ஒரு மணி பஸ் போயிரும்.”

கண்டிக்குத் திரும்பும் பாதை முழுக்க இறக்கம்தான். அப்படியிருந்தும் அந்த பஸ் வத்தேகமையில் கால் மணி நேரம் நின்றபோது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. 3.15க்குக் கெட்டம்பேயில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மீனு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உடம்பில் இளஞ்சூடுதான். “அம்மா, அயர்லாந்திலயிருந்து பஸ்ஸிலயா வந்தீங்க?”

“ஆமாடா செல்லம்.”

“கிட்டத்தான் என்ன!”

அவளைத் தூங்கவைத்துவிட்டுக் குகனின் முன்னால் உட்கார்ந்தேன். இரவெல்லாம் விழித்திருந்த முகம். கோபமெல்லாம் எங்கே போனதோ, அவர் தலையைக் கோதிவிட வேண்டும் போலிருந்தது. கோதிவிட்டேன்.

“ஒன்னே ஒன்னு கேக்கிறேன். நான் போனா, காய்ச்சல் வந்தா காய்ச்சல்னு சொல்லுவீங்களா? ஒரு வருஷம் முழுக்க?”

ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் போயிருப்பேன்.

“இல்லை வாணி. சொல்லமாட்டன். என்னால ஏலாது.”

அன்று மாலையே டப்ளினுக்கு எழுதினேன். மூவரும் சேர்ந்து வர வழியிருந்தால் வருகிறேன், எப்போது என்றாலும் காத்திருக்கிறேன், தனியே வரமாட்டேன் என்று. வியாழக்கிழமை பதில் வந்தது. அவர்களால் காத்திருக்க முடியாதாம். மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

அழுதேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சமையலறைக் கதிரையில் உட்கார்ந்து சத்தம் போட்டே அழுதேன். குகன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீனு தன் சட்டை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். டப்ளினில் இருந்திருந்தால் கமெராவை அணைத்துவிட்டு அழுதிருப்பேன்.